ஊர் தொடக்கப்பள்ளியைக் கைவிடலாமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நம் ஊர்களில் ஒரே காட்சிதான். தெருமுனையில் இருக்கும் தொடக்கப்பள்ளியைக் கடந்து தனியார் பள்ளி வேன்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. அந்தப் பள்ளியிலோ ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து முப்பது, நாற்பது பிள்ளைகள்தான்.

குறை இல்லாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே. ஒருவரே இரண்டு, மூன்று வகுப்புகளைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் தயங்குவதில் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே ஆசிரியர் ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார். யாருடைய வாப்பா வளைகுடாவில் இருக்கிறார், யாருடைய உம்மா நோயில் படுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு நாள் வராத பிள்ளையை வீடு தேடி விசாரிக்க அவரால் முடியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வரும்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. அது பசியை மட்டும் தீர்க்கவில்லை. சாப்பிடாமல் ஒதுங்கி உட்காரும் பிள்ளையும் அங்கேதான் கண்ணில் படுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கணவர் வெளிநாட்டில் இருக்க, குடும்பத்தை நடத்தும் நம் பெண்களுக்கு இது பொருத்தமான இடம். கூட்டத்துக்குப் போகிறோமா? பிள்ளைகளை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை என்பதைக் கேட்கவும் அதுவே இடம். அவசரத்துக்கு 1098 இருக்கிறது.

நம் பங்கும் உண்டு. காலையில் மக்தபில் ஓதும் பிள்ளைதான் ஒன்பது மணிக்குப் பள்ளியில் உட்காருகிறது. அங்கே தூங்கி வழிவதை உஸ்தாத் பார்க்கிறார். இங்கே வீட்டுப்பாடம் செய்யாததை ஆசிரியர் பார்க்கிறார். இருவரும் பேசிக்கொண்டால் காரணம் தெரிந்துவிடும். ஜமாஅத் நிர்வாகிகள் தலைமையாசிரியரை ஒருமுறை சந்தித்தால் இதற்கு வழி பிறக்கும்.

வசதியுள்ளவர்கள் விலகினால் பள்ளி இன்னும் சுருங்கும், ஒருநாள் மூடப்படும். அன்று வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும் என்பதை நாம் யோசித்தாக வேண்டும்.