எடை மட்டும் பார்த்தால் எப்படி?

“பழைய பிரிட்டிஷ் தங்கக் காசு சேர்ப்பது வீண் பெருமை. தங்கம் தங்கம்தான், எடைக்கு மேல் கொடுப்பவர் ஏமாளி” என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்தக் கணக்கில் தராசு இருக்கிறது, சரித்திரம் இல்லை.

1817 முதல் அடிக்கப்பட்டுவரும் பிரிட்டனின் நவீன சவரன் நாணயம் 22 காரட். எடை ஏறத்தாழ 7.99 கிராம். 1911-லும் 1917-லும் தங்கம் அதேதான். ஆனால் 1917-இல் லண்டனில் அடித்த காசு இன்று மிக அரிது. பத்து லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். பெரும்பகுதி போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டது என்பதே பொதுவான கணிப்பு. அங்கே உருக்கியவர்களும் எடையைத்தான் பார்த்தார்கள்! மிஞ்சியவற்றின் விலை ஏறியது அதனால்தான். அதே ஆண்டில் சிட்னியிலும் பெர்த்திலும் அடித்தவை எளிதில் கிடைக்கும். வேறுபாடு, காசில் உள்ள குதிரையின் காலடியில் அடித்த ஊரைக் குறிக்கப் பொறித்த ஒரு சின்ன எழுத்து.

எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடிதுறந்ததால் வெளிவராமலே போனது அவருடைய 1937 சவரன். அதில் ஒன்று 2020-இல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. இதற்கு எந்தத் தராசு விடை சொல்லும்?

சாதாரண ஆண்டுக் காசை ‘அபூர்வம்’ என்று ஏற்றி விற்பவர்கள் உண்டு. 1917 லண்டன் காசுக்குப் போலி செய்பவர்களும் உண்டு. அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அது படித்துவிட்டு வாங்கு என்பதற்கான காரணம். வாங்காதே என்பதற்கு அல்ல. முதலீடு மட்டும் வேண்டுபவர் தங்கக் கட்டி வாங்கட்டும். காசைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாளி என்று சொல்வது, படிக்காதவர் எழுதிய தீர்ப்பு.