சிங்கப்பூர் டூர்: எல்லா டிக்கெட்டையும் முன்னாடியே வாங்கினா லாபமா?

லீவு நெருங்கினாலே நம்ம சேனல்ல வர்ற கேள்வி இது: "சிங்கப்பூர் போறோம். எல்லா இடத்துக்கும் இப்பவே ஆன்லைன்ல டிக்கெட் வாங்கிட்டா மிச்சம்தானே?"

ஒரு ஆடிட்டரா என் பதில்: கூரை இருக்கற இடத்துக்கு வாங்குங்க. வானம் பார்த்த இடத்துக்கு வாங்காதீங்க.

காரணம் மழை. அங்க சராசரியா வருஷத்துக்கு சுமார் 170 நாள் மழை பெய்யும். அதுலயும் நம்ம பசங்களுக்கு லீவு விடற நேரம்தான் சிக்கல். ஏப்ரல், மே மாசங்கள்ல மதியத்துக்கு மேல இடியோட மழை வர்றது சகஜம். அரையாண்டு லீவு வர்ற டிசம்பர் கடைசி, அங்க வடகிழக்குப் பருவமழை வலுவா இருக்கற சமயம்.

அதுக்காக டூரையே விட வேண்டாம். பல நாள் அந்த மழை ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல ஓஞ்சிடும். ஆனா எந்த நாள், எந்த நேரம் வரும்னு ரெண்டு மாசம் முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது.

இப்போ கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, நாலு பேருக்கு ஒரு இடத்துக்கு டிக்கெட் 12,000 ரூபாய். முன்னாடியே வாங்கினா 10,800; ஆனா பணம் திரும்பக் கிடைக்காது. மிச்சம் 1,200. இப்படி பத்து இடத்துக்கு வாங்கறீங்க. ஒன்பது இடத்துல மிச்சமாகறது 10,800. பத்தாவது இடத்துக்கு மழையால போக முடியலைன்னா, நஷ்டமும் அதே 10,800. அதாவது, பத்துல ஒண்ணு போனாலே உங்க தள்ளுபடி மொத்தமும் காலி. ரெண்டு போனா கையைக் கடிக்கும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. "காசு கட்டியாச்சே, வீணாயிடுமே"ன்னு குழந்தைகளையும் வயசான அப்பா அம்மாவையும் இடி மின்னல்ல இழுத்துட்டுப் போறது. கட்டின பணம் போனது போனதுதான். நனைஞ்சா அது திரும்பி வராது. அவஸ்தைதான் மிச்சம்.

அப்போ எப்படிப் பிளான் பண்றது?

காலை நேரத்தை வெட்டவெளிக்கு வைங்க. பொட்டானிக் கார்டன்ஸ், மெர்லயன் சிலை ரெண்டுக்கும் நுழைவுக் கட்டணமே இல்ல. மழை வந்தாலும் காசு நஷ்டம் கிடையாது. மிருகக்காட்சி சாலைக்கு, முடிஞ்சா அன்னிக்குக் காலையில வானிலையைப் பார்த்துட்டு டிக்கெட் எடுங்க. அந்த நாட்டு வானிலை மையம் அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு ஏரியா வாரியா கணிப்பு கொடுக்குது.

மதியத்துக்குக் கூரை இருக்கற இடங்கள். கார்டன்ஸ் பை த பேயில ஃபிளவர் டோம், கிளவுட் ஃபாரஸ்ட் ரெண்டுமே கண்ணாடிக் கூடாரங்கள். நேஷனல் மியூசியம், லிட்டில் இந்தியாவுல இருக்கற இந்திய மரபுடைமை நிலையம் இதெல்லாம் மழைக்குப் பயப்படாத இடங்கள். சாங்கி ஏர்போர்ட் ஜுவல்ல இருக்கற 40 மீட்டர் செயற்கை அருவியும் கட்டடத்துக்கு உள்ளேதான். பார்க்கக் காசு வேண்டாம்.

"யுனிவர்சல் ஸ்டுடியோஸ் மாதிரி இடத்துக்கு லீவு சமயத்துல கடைசி நேரத்துல டிக்கெட் கிடைக்கலைன்னா?" நியாயமான கேள்வி. அந்த மாதிரி இடத்துக்கு மட்டும் தேதி மாத்தற வசதியோட டிக்கெட் கிடைக்குதான்னு பாருங்க. கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல, அதை இன்சூரன்ஸ் பிரீமியம்னு நினைச்சுக்கோங்க. அந்த இடத்தை டூரோட முதல் பாதியிலேயே வைங்க. மாத்தணும்னா கையில நாள் இருக்கும்.

பேக்கேஜ்ல போறவங்க, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மழை வந்தா அன்னிக்குப் போற இடத்தை மாத்தித் தருவீங்களா?" பதிலை எழுத்துல வாங்குங்க.

எல்லாப் பணத்தையும் லாக்-இன் இருக்கற திட்டத்துல போடாதீங்கன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றேன். டூருக்கும் அதேதான். உங்க பிளான்ல வானம் பார்த்த இடம் எத்தனை, அதுல எத்தனைக்கு ஏற்கெனவே பணம் கட்டியாச்சு? இன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பாருங்க.