கட்டு கைக்குத்தானே, காலுக்கு இல்லையே!



ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும்போது என் வகுப்பில் இரண்டு பேராவது மாவுக்கட்டோடு வந்து நிற்பார்கள். விடுமுறையில் மாமரம், சைக்கிள், மொட்டை மாடி என்று எங்காவது விழுந்திருப்பார்கள். முதல் நாள் அவர்கள்தான் வகுப்புக்கே ராஜா. கட்டின் மேல் எல்லாரும் பேனாவால் பெயர் எழுதுவார்கள். இரண்டாவது வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி வந்த ஓர் ஆறாம் வகுப்பு மாணவனிடம், "விளையாட்டு பீரியடில் நீ வகுப்பிலேயே உட்காருப்பா" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். நான்காவது வாரம் தற்செயலாக அந்தப் பக்கம் போனால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்று மாலை என்னோடு மாடிப்படி ஏறியவனுக்கு மூச்சு வாங்கியது. ஒடிந்தது கை, மூச்சு ஏன் வாங்க வேண்டும்? உட்கார வைத்தது நான்தானே!

உடம்பில் எந்தத் தசைக்கு வேலை இல்லையோ அது மெலியும். கட்டைப் பிரித்ததும் கை முருங்கைக்காய் போல இருப்பது அதனால்தான். கட்டுக்குள் இருக்கும் கை சும்மா இருந்துதான் ஆக வேண்டும். மற்ற உறுப்புகள் என்ன பாவம் செய்தன? அதனால்தான் கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்கிறார்கள் டாக்டர்கள். தோளையும் அசைக்கச் சொல்வார்கள். கையில் கட்டு என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடக்கலாம். ஆனால், பந்து பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பெற்றோர் எல்லாரும் டாக்டரிடம், "என்னென்ன செய்யக் கூடாது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "என்னென்ன செய்யலாம்?" என்று நீங்கள் கேளுங்கள். அதுவும் உங்கள் உரிமைதான்.

"கும்ப்ளே விளையாடவில்லையா?" என்று கேட்கும் வீரர்களும் உங்களில் உண்டு. உண்மைதான். 2002-இல் ஆண்டிகுவா டெஸ்டில் தாடை உடைந்தும், முகத்தில் கட்டோடு 14 ஓவர் வீசி லாராவின் விக்கெட்டை எடுத்தார். அதன் பிறகு சிகிச்சைக்காக ஊர் திரும்பினார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறீர்கள். அவர் வளர்ந்த மனிதர். உங்கள் எலும்போ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், நீங்கள் பார்க்க வேண்டியது சச்சினை. 2005 மே மாதம் அவருக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு மகனின் பிளாஸ்டிக் மட்டையைக்கூடத் தூக்க முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கையைப் பழக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் தன் 35-வது டெஸ்ட் சதத்தை அடித்தார்.

கட்டுப் பிரிக்கும் நாள்தான் எனக்கு எப்போதும் பயம். எலும்பு கூடியிருக்கும், ஆனால் பழைய பலம் வர இன்னும் பல வாரங்கள் ஆகும். திங்கட்கிழமை கட்டுப் பிரித்துவிட்டு, புதன்கிழமை கபடி ஆடி, அதே இடத்தில் மறுபடியும் ஒடித்துக்கொண்டு வந்தான் என் மாணவன் ஒருவன். டாக்டர் சொல்லும் வரை கபடி, மரம், சைக்கிள் மூன்றும் வேண்டாம். கையை மடக்கும்போது கொஞ்சம் விறைப்பாக இருப்பது சகஜம். வலி கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. அரிக்கிறது என்று கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறியாதீர்கள். உள்ளே புண்ணாகிவிடும். விரல்கள் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, நடுராத்திரியானாலும் அம்மாவை எழுப்பிச் சொல்லுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

அந்த ஜன்னல் பையனை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மறுநாளே பி.டி. ஆசிரியரிடம் பேசினேன். அவன் கையில் விசிலைக் கொடுத்து, கோகோ ஆட்டத்துக்கு நடுவராக்கினார். தன் நெருங்கிய நண்பனுக்கே இரண்டு முறை ஃபவுல் கொடுத்தான். அந்த நண்பன் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை!