ஊரார் பார்வையும் தொழுவோர் நிலையும்

ஒரு சமயத்தாரைப் பற்றி ஊரார் கொள்ளும் எண்ணம், அச்சமயத்தார் தொழும் இடத்துள்ளும் புகுந்துவிடும். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிறன்று கத்தோலிக்க மக்கள் ஆலயஞ் செல்ல இயலாது, இல்லத்திலிருந்தே தொலைக்காட்சியில் திருப்பலி கண்டனர்.

இக்கொடுமையைச் செய்தவர் ஒரு சிறு கூட்டத்தார். அக்கூட்டத்தின் தலைவனைப் பற்றி முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். 2017இல் காத்தான்குடியில் அவனுடைய ஆட்களோடு மோத நேர்ந்தவர்களும் முஸ்லிம்களே. ஆயினும் ஊரார் பார்வை இவ்வேறுபாட்டைக் கண்டதில்லை. மே மாதத்திலே குளியாப்பிட்டி, மினுவாங்கொடை முதலிய இடங்களிற் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன.

அம்மாத இறுதியிற் கெக்கிராவையை அடுத்த மடாட்டுகமவில் நிகழ்ந்தது நம் சிந்தனைக்குரியது. தடைசெய்யப்பட்ட தேசிய தௌஹீத் ஜமாஅத்தினர் புழங்கிய பள்ளிவாசலொன்றை, அவ்வூர் முஸ்லிம்கள் தாமே கூடித் தீர்மானித்து இடித்தனர். அயலார் தம்மனைவரையும் பயங்கரவாதிகளாக நோக்கினர் என்பதே அவர்கள் கூறிய காரணம். இதனைத் துணிவு என்பாரும் உளர். அச்சம் என்பாரும் உளர். இரண்டுங் கலந்தது என்பதே பொருந்தும். தீயோரை விலக்கியது துணிவு; தொழும் கைகளே தொழுமிடத்தை இடிக்க நேர்ந்தது அச்சம்.

குற்றஞ் செய்தவனைத் தண்டிப்பது நீதி. குற்றமற்ற ஒரு சபையாரை நோக்கி, "உங்கள் தூய்மையை மெய்ப்பியுங்கள்" என்பது நீதியாகாது. 1983 ஜூலையில், சிலர் செய்த செயலுக்காகத் தமிழர் யாவரும் பழி சுமந்தோம். 1990 ஒக்டோபரில், வடபுலத்து முஸ்லிம்கள் யாவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, நம் அயலவர் அதே பழியைச் சுமந்தனர். முன்னதை மட்டும் நினைந்து பின்னதை மறப்பது அறமன்று.

பெற்றோர்களே, "அவர்கள் எல்லோரும் இப்படித்தான்" என்று உணவு வேளையில் நாம் சொல்லும் சொல்லைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கின்றது. மாணவர்களே, அச்சொல்லைக் கேட்கும்போது, "எவர்?" என்று பணிவோடு வினவுங்கள். அவ்வொரு வினாவிலே ஓர் அயலவரின் வழிபாட்டிடம் காக்கப்படலாம்.