கம்பம் நட வராதவர்கள் கரண்டு விற்க வருகிறார்கள்

பட்டுக்கோட்டை சாலையில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். மும்பையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்னான்: "எங்க ஊர்ல ரெண்டு கரண்டு கம்பெனி இருக்கு மாமா. ஒருத்தன் சரியில்லன்னா இன்னொருத்தன்கிட்ட மாறிக்கலாம், சிம்கார்டு மாத்துற மாதிரிதான். இங்கயும் தனியார்கிட்ட விட்டுட்டா எல்லாம் ஒழுங்காயிடும்." அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கஜா புயல் அடித்தபோது அவன் இங்கே இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் "ஆமாப்பா, அதான் சரி" என்று தலையாட்டினார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர்களில் பலர் 2018 கார்த்திகையில் மின்வாரிய ஊழியர்களைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டவர்கள்.

இந்த நம்பிக்கை இப்போது ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள், பம்புசெட்டுக்கு ஒரு பைசா கட்டாத விவசாயியும் சொல்கிறார். தனியார் வந்தால் கரண்டு போகாது, பில் குறையும், பிடிக்காவிட்டால் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை.

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன்பே வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, பேராவூரணி, சேதுபாவாசத்திரம், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறைத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. சாய்ந்த மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. துணைமின்நிலையங்கள் முடங்கின. டிரான்ஸ்பார்மர்கள் தரையில் கிடந்தன. குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் காசு கொடுத்து சார்ஜ் போட வரிசையில் நின்றோம்.

அப்போது யார் வந்தார்கள்? தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். கேரள மின்வாரியத்துக்காரர்கள் வந்தார்கள். சம்பா நட்ட வயலில் லாரி இறங்காது. ஆகவே முழங்கால் சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பையன்கள் கயிறு பிடித்தார்கள். வந்தவர்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்தார்கள். வேலையின்போது உயிரை விட்டவர்களும் உண்டு. தோப்புக்குள் இருக்கும் ஒற்றைப் பம்புசெட்டுக்காக வரிசையாகக் கம்பம் நட்டுக்கொண்டு போன அந்த மனிதர்கள், இந்த இணைப்பிலிருந்து வாரியத்துக்கு வருமானம் எவ்வளவு என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கம்பெனி கேட்கும். கேட்காவிட்டால் அது கம்பெனியே இல்லை.

சிம்கார்டு என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்வோம். செல்போன் கம்பெனி ஒவ்வொன்றும் தன் அலைக்கற்றையில் தன் சேவையைத் தருகிறது. மின்சாரம் அப்படியா? உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே கம்பி. தெருமுனையில் ஒரே டிரான்ஸ்பார்மர். எந்தக் கம்பெனியின் பெயரில் பில் வந்தாலும், பீஸ் போனால் எல்லோருக்கும் சேர்ந்துதான் போகும். 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்குப் போன மின்சாரத் திருத்த மசோதா சொன்னது இதைத்தான்: ஒரே பகுதியில் பல விநியோகஸ்தர்கள், ஆனால் இருக்கிற கம்பியையே பயன்படுத்திக்கொள்ளலாம். 2025 அக்டோபரில் வந்த புதிய வரைவும் அதே வழியில்தான் போகிறது. கம்பமும் கம்பியும் மக்கள் காசில் போட்டவை, லாபம் மட்டும் புதிதாக வந்தவனுக்கு. கஜா மறுபடி வந்தால் கம்பத்தை நடப்போவது யார்? வாடகை கொடுத்துக் கம்பியைப் பயன்படுத்துகிறவனா?

அந்த சிம்கார்டு கதையும்தான் எங்கே போய் முடிந்தது? தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல், கஜா வந்த அதே 2018-இல், பிப்ரவரி மாதத்தில் படுத்துவிட்டது. டவர் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாமல் ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். வங்கியிலும் கேஸிலும் ரேஷனிலும் கொடுத்திருந்த நம்பர் அது. பத்துக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். 2024 ஜூலையில் மூன்று பெரிய கம்பெனிகளும் அடுத்தடுத்து விலையை ஏற்றினார்களே, நாம் யாரிடம் மாறினோம்? போட்டி என்று தொடங்கும், கடைசியில் இரண்டு மூன்று பேர் கையில் போய் நிற்கும். பிரிட்டனில் 2021-22-இல் எரிவாயு விலை ஏறியதும், மலிவு விலை காட்டி ஆள் பிடித்த மின் விற்பனை நிறுவனங்கள் முப்பதை ஒட்டி மூடிப்போயின. அதன் செலவு மிச்சமிருந்த வாடிக்கையாளர்களின் பில்லில்தான் ஏறியது.

சரி, மும்பை. 2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, புறநகரில் இருப்பவர்கள் டாடாவுக்கோ, அப்போதைய ரிலையன்ஸுக்கோ (இன்று அதானி) மாறிக்கொள்ளலாம் என்பது உண்மை. கூடவே மறைக்கப்படும் உண்மை, மாறிப் போனவர்களும் பழைய கம்பெனியின் கம்பிக்குக் கட்டணம் கட்டினார்கள் என்பது. அதற்கு மேல் சர்சார்ஜும் வந்தது. 2020 அக்டோபர் 12 அன்று மும்பை இருண்டது. ரயில் நின்றது. இரண்டு கம்பெனி வாடிக்கையாளர்களும் ஒரே இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு, ஒரே அடுக்குமாடியில் நூறு மின்மீட்டர் இருக்கும் ஊரில் லாபம் பார்க்கலாம். எங்கள் பக்கத்து ஊர்களான ஆவணத்திலும் குறிச்சியிலும் தோப்புக்கு ஒரு வீடு, வயலுக்கு ஒரு மோட்டார். இங்கே வருவதற்கு எந்தக் கம்பெனிக்கு என்ன கட்டாயம்?

புயலையும் தனியாரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஒடிசாவைப் பாருங்கள். இந்தியாவில் முதலில் மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்த மாநிலம் அது. புவனேஸ்வர், கட்டாக் அடங்கிய மத்திய மண்டலத்தை ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் 1999-இல் எடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 29-இல் பெரும்புயல். 2001-இல் அந்த நிறுவனம் விட்டுவிட்டுப் போய்விட்டது. மற்ற மூன்று மண்டலங்களை வைத்திருந்த ரிலையன்ஸ் குழுமத்தின் உரிமங்களை 2015-இல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. நம் கஜாவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018-இல் நம் கம்பிகள் ஒரு கம்பெனி கையில் இருந்திருந்தால், நாமும் ஒடிசாக்காரர்களைப் போலத்தான் நின்றிருப்போம். கரூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆள் அனுப்ப அந்தக் கம்பெனிக்கு அங்கே ஆள் இருந்திருக்காது.

கல்லணைக் கால்வாய்க் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மேல்மடைக்காரன் தன் வயலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதுதான் நமக்கு. மின்சாரத்திலும் அதுதான் நடக்கும். இன்று ஆலையும் வணிக நிறுவனமும் கூடுதல் விலை கொடுப்பதால்தான் வீட்டுக்கும் குடிசைக்கும் கட்டணத்தைக் குறைத்து வைக்க முடிகிறது. புதுக் கம்பெனி முதலில் யாரைப் பிடிக்கும்? கோயம்புத்தூர் மில்லையும் சென்னை ஷாப்பிங் மால்களையும்தான். வாரியத்திடம் மிஞ்சுவது பம்புசெட்டும், ஒற்றை விளக்குக் குடிசையும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கும் நம் வீடும். வருமானத்தை ஒருவன் கொண்டுபோவான், பாரத்தை வாரியம் சுமக்கும். பிறகு, வாரியம் நஷ்டம், அதையும் விற்றுவிடு என்பார்கள். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரம் கோவைப் பக்கத்து விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டு வாங்கித் தந்தது. தமிழ்நாட்டில் இன்று அதை நம்பி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் ஓடுகின்றன. 2020-21-இல் டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த விவசாயிகள் வேளாண் சட்டங்களோடு மின்சார மசோதாவையும் எதிர்த்தார்கள் என்பது நம் ஊரில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

வாரியம் நஷ்டத்தில் ஓடுவது யாரால் என்றும் பேச வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போட்ட தனியாரிடம், 2015-இல் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதுவும் 25 ஆண்டுகளுக்கு. 2017-இல் இதே தமிழ்நாடு விட்ட டெண்டரில் சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 காசுக்குக் கிடைத்தது. விலை உலகம் முழுக்க இறங்கும்போது மேல் விலையில் கையெழுத்துப் போட்டது எந்த லைன்மேன்? சேற்றில் நின்ற வயர்மேனா? தனியாரிடம் வாங்கி நஷ்டப்பட்ட வாரியத்தைத் தனியாரிடமே கொடுத்தால் நஷ்டம் தீரும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

தனியார் என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவான் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ! எங்கள் தெருவில் ஒரு தனியார் இணைய இணைப்பு அறுந்தது. புகார் எண்ணில் பேசியவர்களுக்குப் பேராவூரணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தமிழில் பேசுங்கள் என்றால் இந்தியில் பதில் வருகிறது. இணைப்பு செத்துக் கிடந்த நாட்களுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துக்கொண்டார்கள். வங்கிக் கடனோ காப்பீடோ எதைத் தொட்டாலும் இதே நிலைதான். ஆள் இல்லை, மெஷின் பேசுகிறது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. இ.பி. ஆபீஸில் குறை இருக்கிறது. ஆனால் அந்த ஆபீஸ் நம் ஊரில் இருக்கிறது. உள்ளே போய் உதவிப் பொறியாளரிடம் நேருக்கு நேர் சண்டை போடலாம், வாசலில் மறியல் செய்யலாம், எம்.எல்.ஏ. வீட்டுக் கதவைத் தட்டலாம். கம்பெனியின் கதவு எந்த நாட்டில் இருக்கிறது?

வாரியத்தின் உண்மையான நோய் ஆள் பற்றாக்குறை. ஓய்வு பெற்றவர் இடம் காலியாகவே கிடக்கிறது. ஒரு வயர்மேன் பல ஊர்களுக்கு ஓடுகிறார். ஆண்டாண்டாகக் கம்பத்தில் ஏறிய ஒப்பந்தத் தொழிலாளி, பணி நிரந்தரம் கேட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கஜாவில் நம்மைக் காப்பாற்றிய கைகளில் அந்த ஒப்பந்தத் தொழிலாளிகளின் கைகளும் இருந்தன. கரண்டு போய் நேரமானதும் மின்வாரியத்தைத் திட்டுகிற நாம், பீஸ் போட வர வேண்டிய ஆளை ஏன் நியமிக்கவில்லை என்று கேட்பதே இல்லை. புதுச்சேரியில் 2022 செப்டம்பரில் தனியாருக்கு டெண்டர் விட்டபோது, நம் பக்கத்திலிருக்கும் காரைக்கால் வரை மின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர் ஒரு நாள் இருண்டதற்காக அவர்களைத் திட்டியவர்கள்தான் அதிகம். அவர்கள் நமக்காகவும் நின்றார்கள்.

சென்னை நகரத்துக்கு ஒரு காலத்தில் தனியார் கம்பெனிதான் மின்சாரம் விற்றது. அதை 1947-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1-இல் மின்வாரியம் பிறந்தது. அதன் பிறகு கிராமம் கிராமமாகக் கம்பி போனது. காசு வராத ஊருக்குக் கம்பி இழுத்த வேலையை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

கிராமசபை கூடும்போது எழுந்து கேளுங்கள்: நம் பிரிவு அலுவலகத்தில் எத்தனை களப்பணியிடங்கள் காலி? டிரான்ஸ்பார்மர் பழுதானால் மாற்று எங்கே இருக்கிறது? மின்சாரத் திருத்த மசோதாவை எதிர்த்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், காலியிடங்களை நிரப்புவாயா, ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்குவாயா, மின் விநியோகத்தை விற்க மாட்டேன் என்று எழுதித் தருவாயா என்று கேளுங்கள். எழுதித் தராதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.