கரும்புகை விடும் வேன்... மேனிஃபோல்டை நாமே கழற்றலாமா?

‘‘காய்கறி ஏற்றும் எங்கள் டீசல் வேன், மேட்டில் இழுக்காமல் கரும்புகை கக்குகிறது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். நாமே செய்யலாமா?’’
- வாசகர், ஒட்டன்சத்திரம்.

‘‘முதலில் ஏர் ஃபில்டரையும், காற்றுக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல வண்டிகளில் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். அவை சரியாக இருந்தால், மேனிஃபோல்டுக்குள் கரி படிந்திருக்கலாம். இ.ஜி.ஆர் வால்வு வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார்போல ஒட்டி, காற்றுப் பாதையைச் சுருக்கிவிடும்.

டீசல் பம்பின் உயர் அழுத்தக் குழாய்களைப் பிரித்தால்தான் மேனிஃபோல்டு வெளியே வரும் என்றால், அதை மெக்கானிக்கிடமே விடுங்கள். மற்ற வண்டிகளில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். குழாய், வயர் இணைப்புகளை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

மேனிஃபோல்டு வந்த உடனே, சிலிண்டர் ஹெட்டில் தெரியும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். எத்தனை துணி என்று எண்ணி வைப்பது முக்கியம். ஒரு சிறிய நட் உள்ளே விழுந்தாலும் வால்வு, பிஸ்டன் இரண்டும் போய்விடும். சில நூறு ரூபாய் வேலை, இன்ஜினையே பிரிக்கும் செலவாகிவிடும்.

கழுவிய மேனிஃபோல்டு முழுவதும் காய்ந்த பிறகு, துணிகளை எண்ணி எடுத்துவிட்டு, புது கேஸ்கெட் வைத்து மாட்டுங்கள். இப்போது நடுவிலிருந்து ஓரமாக முடுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் அதிகம் முடுக்கினால் மரை போய்விடும். வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குவது நல்லது. வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகும் கரும்புகை நிற்கவில்லை என்றால், இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.’’