பலகை மாறிவிட்டது, அறைப்பட்டியல் எப்போது?

ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை இயக்குநர் அவர்களுக்கு,



2025 ஜூலையில் நலத் துறை விடுதிகள் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயர் அறிவிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் என்று வாசலிலேயே பிள்ளைகளுக்கு முத்திரை குத்திய பலகைகளுக்கு விடை கொடுத்தது நல்ல காரியம். பலகையைப் பற்றிப் பேச இதை நான் எழுதவில்லை. அதைத் தாண்டி உள்ளே போகிற பையன் எந்த அறையில், யாருக்குப் பக்கத்தில் பாயை விரிக்கிறான் என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் நடுவில், சைதாப்பேட்டையில், எம்.சி. ராஜா கல்லூரி மாணவர் விடுதிக்குப் பத்து மாடிப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. செலவு 44.50 கோடி ரூபாய். 484 பேர் தங்கலாம். 2025 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் அன்று திறந்தார்கள். மயிலை சின்னத்தம்பி ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னை மாகாண மேலவையில் வாதாடியவர். அவர் பெயரில் இப்படி ஒரு கட்டடம் எழுந்ததில் இந்த வட்டாரத்துக்காரனான எனக்கும் பெருமைதான்.

ஆனால் கட்டடம் புதிதானால் பழக்கமும் புதிதாகிவிடுமா? பொதுவாக நம் ஆண்கள் விடுதிகளில் அறை கிடைக்கிற விதம் ஊரறிந்தது. சேர்க்கை நாளன்று சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அடங்கிய பிளாஸ்டிக் பையோடு அப்பா வரிசையில் நிற்பார். பையன் கையில் ஒரு பக்கெட். வார்டன் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, “மேல போய் எந்த ரூம்ல இடம் இருக்குதுன்னு பாருப்பா” என்பார். மாடிப்படியில் ஒரு சீனியர் மடக்கி, “எந்த ஊரு தம்பி?” என்று கேட்பான். அதற்குப் பதில் வந்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “ஊர்ல எந்தத் தெரு?”

அந்தத் தெருதான் அறையைத் தீர்மானிக்கிறது. மூன்றாமாண்டு முடித்துப் போகிறவன் தன் கட்டிலை ஊர்க்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். அறைகள் மாவட்டங்களாகும், மாவட்டங்களுக்குள் தெருக்களாகும். ஒரே பட்டியல் சாதி மாணவர்களுக்குள்ளேயும் உட்பிரிவு பார்த்து அறை பிடிப்பது உண்டு. இதை நாம் வெளியே பேசுவதில்லை. ஊரைவிட்டு இருநூறு மைல் தள்ளி வந்து படிக்கிறவன், கடைசியில் அதே தெருவில்தான் மூன்று வருஷம் குடியிருக்கிறான்.

நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்கள் கூடாது என்பதைத்தான் எல்லாரும் விவாதித்தோம். அகரவரிசை என்ற சின்னப் பரிந்துரையை யாரும் சட்டை செய்யவில்லை. எனக்கு அதுதான் ஆகப் பெரியதாகப் படுகிறது. பெஞ்சில் ஐந்தாறு மணி நேரம் உட்காருகிறவனுக்கே அது வேண்டும் என்றால், இரவும் பகலும் ஒன்றாகக் கிடக்கிற அறைக்கு வேண்டாமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. முதலாண்டு மாணவர்களுக்கு அறையைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். அந்தப் பட்டியலைச் சேர்க்கைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குக் கீழ்த்தள அறைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாமாண்டிலிருந்து யாரோடு தங்குவது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். அதற்குள் ஒரு வருஷம் பழகியிருப்பார்கள்.

குலுக்கல் முறை வெளியுலகில் சோதித்துப் பார்த்த விஷயம்தான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2018-இல் முதலாண்டு மாணவர்கள் அறைத் தோழரைத் தாங்களே தேர்ந்தெடுப்பதை நிறுத்தியது. சமூக வலைத்தளங்களில் தேடி, தம்மைப் போன்ற வசதியும் பின்னணியும் உள்ளவர்களோடே சேர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் அறைகள் குலுக்கலில் அமைந்ததை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2022-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வந்தது. கறுப்பின மாணவரோடு தங்கிய வெள்ளை மாணவர்களிடம் கறுப்பினத்தவரைப் பற்றிய தப்பெண்ணம் குறைந்திருந்தது. கலப்பு அறையில் இருந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சியும் கூடியிருந்தது. நிறவெறி ஆட்சி நடந்த மண்ணில் இது முடிந்திருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஊரில் அடிபட்டு வந்தவனுக்குத் தன் ஆட்கள் பக்கத்தில் இருந்தால்தான் தூக்கமே வரும் என்பார்கள். நியாயமான பேச்சு. அவனைத் தனியாகக் கொண்டுபோய் மூன்று பேருக்கு நடுவே போட்டுவிட்டு ‘நல்லிணக்கம்’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதனால்தான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன்: முதல் மாதம் முடிந்ததும், யார் அறை மாற்றம் கேட்டாலும் காரணம் சொல்லச் சொல்லாமல் கொடுத்துவிட வேண்டும். அந்த மனுவை சீனியர் பார்க்கக் கூடாது, புது அறை எது என்பதை வார்டன் ஒருவர் மட்டும் தீர்மானிக்கவும் கூடாது. மாணவர் படிக்கிற கல்லூரியின் ஆசிரியர் ஒருவரும் உடன் இருக்கட்டும்.

அடுத்தது இதைவிடக் கடினமான வேலை. பெயர் ஒன்றாகிவிட்டாலும் விடுதிகள் தனித்தனித் துறைகளின் கையில்தான் இருக்கின்றன. ஆதிதிராவிடர் விடுதியில் மற்றவர்களுக்கும் ஒரு பங்கு இடம் விதியிலேயே உண்டு. அந்தக் கதவை அகலமாகத் திறங்கள். நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறவனுக்குச் சைதாப்பேட்டை விடுதி, ராணி மேரிக் கல்லூரியில் படிக்கிறவளுக்கு மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு விடுதி என்று கல்லூரிக்கு அருகில் இருப்பதைக் கொடுங்கள். சென்னைக்கு மட்டுமாவது துறைகள் எல்லாம் கூடி ஒரே சேர்க்கைப் பட்டியல் போடலாம். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் மொத்த இடங்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது, அவர்களுக்கான நிதி வேறு பக்கம் போகவும் கூடாது. இதை எழுத்தில் உறுதி செய்யாமல் கலப்பைப் பற்றிப் பேசினால் சந்தேகம்தான் வரும், வர வேண்டியதும்தான்.  

யாரை யாரோடு தங்கவைப்பது என்பது இந்தப் பகுதிக்குப் புதுப் பிரச்சினையும் அல்ல. 1930 வாக்கில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். அன்றைய விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடையாற்றில் இன்றும் நடக்கிற அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. அதே அடையாறு வட்டாரத்தில், 2018 டிசம்பரில், ஐஐடி உணவுக்கூடத்தில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டியிருந்ததும், எதிர்ப்பு கிளம்பியதும் அதை எடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வெளியே வாடகைக்கு அறை தேடினால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ‘சைவம் மட்டும்’ என்ற அட்டை தொங்குகிறது. தனியார் வீட்டுச் சொந்தக்காரரை நீங்கள் திருத்த முடியாது. அரசு விடுதிச் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

முதலாண்டு அறைக் குலுக்கலுக்குப் புதுச் சட்டமோ புது நிதியோ தேவையில்லை, உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை போதும். சைதாப்பேட்டையில் ஒரே ஒரு கல்வியாண்டு நடத்திப் பாருங்கள். வருஷ முடிவில் எத்தனை பேர் அறை மாற்றம் கேட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். சரிப்படவில்லை என்றால் விட்டுவிடலாம். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கும் முன் அந்தச் சுற்றறிக்கை வார்டன்களின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
மயிலாப்பூர்